வலது பெட்டியில் ஒரு வேட்டி

அப்பா லைனுக்குப் புறப்படும் நாளில் மோட்டார் சைக்கிளின் வலது பெட்டியில் இருக்க வேண்டியவை: துணிப்பைகள் பன்னிரண்டு, அவற்றில் கட்ட அட்டைச் சீட்டுகள், சணல் ஒரு உருண்டை, கொக்கித் தராசு, பென்சில், சலவை செய்து மடித்த வெள்ளை வேட்டி ஒன்று. இடது பெட்டியில்: டியூப், காற்றடிக்கும் பம்பு, கிளட்ச் கேபிள், ஸ்பார்க் பிளக், கான்வாஸில் சுருட்டிய ஸ்பேனர்கள், இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு முழம் மூங்கில் குச்சி. ஏழாம் வகுப்பு படிக்கும்போது நான்தான் இந்த இரண்டு பட்டியலையும் எழுதி, பெட்டி மூடிகளின் உட்புறம் பசை தடவி ஒட்டினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. ஒருமுறை அப்பா தராசை மறந்துவிட்டு விளாத்திகுளம் வரை போய்த் திரும்பி வந்தார். அதனால் எழுதினேன்.

குச்சி எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஈரக் கரிசலில் வண்டி ஓட்டியவர்கள் கேட்க மாட்டார்கள். மழை பெய்த மறுநாள் வண்டிப்பாதையில் இறங்கினால் மண் டயரோடு எழுந்து மட்கார்டுக்குள் போய் அப்பிக்கொள்ளும். அரை பர்லாங்கில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். இறங்கிக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு இன்னும் அரை பர்லாங் போகலாம். ஐப்பசி பிறந்ததும் முன் மட்கார்டைக் கழற்றி வைப்பதும், தை பிறந்ததும் திரும்ப மாட்டுவதும் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடக்கும் வேலை.

வேட்டியின் கதை வேறு. அப்பா கொட்டை நீக்கும் ஒரு ஜின்னிங் பேக்டரிக்குப் பருத்தி வாங்கிக் கொடுக்கும் ஏஜெண்டாக இருந்தார். நாகலாபுரம், புதூர் பக்கம் இருபத்திரண்டு ஊர்கள் அவருடைய லைன். வண்டி ஓட்டும்போது காக்கிப் பேன்ட் போட்டிருப்பார். ஊர் எல்லையில் ஏதாவது உடைமர நிழலில் வண்டியை நிறுத்தி வேட்டிக்கு மாறிக்கொண்டுதான் உள்ளே போவார். "பேன்டோட போய் நின்னா ஜப்திக்கு வந்தவன்னு நெனச்சு, களத்துல கெடக்குற பருத்திய அள்ளி உள்ள வச்சிருவான்" என்பார். வண்டியின் சத்தம் ஒரு மைலுக்கு முன்பே அவர் வருகையைச் சொல்லிவிடும். வருவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வேட்டி கட்டாமல் அவர் ஒரு களத்திலும் நின்றதில்லை.

வண்டி இங்கிலாந்தில் செய்தது. நான் பிறப்பதற்கு முன்பே இந்த ஊருக்கு வந்துவிட்டது. ஐந்நூறு சி.சி., ஒற்றை சிலிண்டர், அகலமான சீட், பதினைந்து லிட்டருக்குக் குறையாத பெட்ரோல் டேங்க், இரு பக்கமும் தகரப் பெட்டிகள். நீண்ட தூரம் போவதற்கென்றே செய்த வண்டி. மில் ஒன்றில் வேலை பார்த்த இஞ்சினீயர் ஊரைவிட்டுப் போகும்போது அப்பா அவரிடம் வாங்கினார். அதற்கான உதிரிபாகங்கள் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. ஹெட்லைட் லாரியுடையது. கார்புரேட்டர் மிதவை தண்ணீர்ப் பம்பு எஞ்சின் ஒன்றிலிருந்து எடுத்தது. ஒலிப்பானை எங்கிருந்து எடுத்தார் என்று அப்பாவுக்கே நினைவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த வருஷம் வண்டி புகை விடத் தொடங்கியது. எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். அந்தப் பருத்தி சீசனில் மூன்று முறை வழியில் நின்றது. நின்ற மூன்று நாளும் அப்பா போவதற்குள் வேறு ஏஜெண்டுகள் போய்ப் பருத்தியை எடுத்துவிட்டார்கள். நாகலாபுரம் பக்கம் அப்போது பஸ் அதிகமில்லை. பஸ்ஸில் போனால் ஒரு நாளைக்கு ஓர் ஊர். வண்டியில் போனால் நாலைந்து ஊர்.

அடுத்த தை மாதம் பொங்கல் கழிந்து பேக்டரி முதலாளி அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னதை, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அப்பா எங்களிடம் சொன்னார்.

"மாசி பொறக்கும்போது வண்டி ஓடணுமாம். இல்லன்னா நாகலாபுரம் லைன வேற ஆளுக்கு மாத்தணுமாம்."

"மாத்துனா?" என்று அம்மா கேட்டாள்.

"மாத்துனா மாத்துனதுதான்."

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. பருத்தியைக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஊரில் இருந்த மெக்கானிக்குகள் இரண்டு பேரும் ஏற்கெனவே கையை விரித்திருந்தார்கள். புது வண்டி வாங்குவது பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது.

"நான் பிரிக்குதேன்ப்பா" என்றேன்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "பிரிச்சிருவ. மாட்டத் தெரியுமா?"

"கழத்துறத வரிசையா எழுதி வச்சுக்கிட்டா மாட்டிரலாம்."

"எத்தன நாளு?"

"இருவது."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "எழுதி வச்சா ஓடிருமோ? அப்பனும் மகளும் அந்த இரும்பக் கட்டிக்கிட்டுக் கெடங்க. பொண்ணு பாக்க வர்றவிய மொதல்ல கையத்தான் பாப்பாவ. நெகம் பூராக் கிரீஸ்."

"கையப் பாத்தா வேல செய்யுற பிள்ளன்னு தெரியும்லா" என்றார் அப்பா. அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா என்னைப் பார்த்து, "நாளைக்கே ஆரம்பிட்டி" என்றார்.

ஒரு நோட்டு வாங்கினேன். இடது பக்கம் வேலை, வலது பக்கம் முடிந்ததற்கு ஒரு டிக், அதற்கும் வலதில் குறிப்பு. மொத்தம் நாற்பத்து மூன்று வேலைகள் வந்தன. பெட்ரோல் டேங்கை இறக்குவது முதல் வேலை. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் எஞ்சினுக்குள் போய்விட்டு ஆயில் டேங்குக்குத் திரும்பி வருகிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது நாற்பத்து மூன்றாவது. இந்த வண்டியில் ஆயிலுக்குத் தனி டேங்க். அங்கிருந்து பம்பு வழியாக எஞ்சினுக்குப் போய், உள்ளே சுற்றி, மறுபடி டேங்கில் வந்து விழும். டேங்க் மூடியைத் திறந்தால் திரும்பி வரும் ஆயில் குழாயிலிருந்து சொட்டுவது தெரியும்.

கழற்றிய ஒவ்வொன்றையும் கொல்லைப்புறக் கொட்டகையில் சாக்கு விரித்து வரிசையாக வைத்தேன். போல்ட்டுகளைக் காலித் தீப்பெட்டிகளில் போட்டு மேலே எண் எழுதினேன். எங்கள் தெருவில் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. தீப்பெட்டி ஒட்டுகிற வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரில்.

லேத் வேலைகளுக்கு ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். தீப்பெட்டி மெஷின்களுக்கும் ஜின்னிங் உருளைகளுக்கும் புஷ் என்கிற உலோக வளையங்களைக் கடைந்து கொடுப்பவர் அவர். அப்பாவுக்கு ரொம்ப நாள் பழக்கம். நான் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுபோன சிலிண்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த வண்டியில இன்னும் இங்கிலாந்து எவ்வளவு மிச்சமிருக்கு?"

நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "பிரேம், பெட்ரோல் டேங்க், எஞ்சின் உறை, கிராங்க், கனெக்டிங் ராடு. மத்ததெல்லாம் மாத்தியாச்சு பாய்."

"அப்ப வெள்ளக்காரன் பாதிதான் போயிருக்கான்."

சிலிண்டரைப் பெரிதாக்கி, வேறொரு எஞ்சினின் பிஸ்டனைக் கடைந்து பொருத்திக் கொடுத்தார். நான் அருகில் நின்று அளவுகளைப் படித்துச் சொன்னேன். அவருக்கு மைக்ரோமீட்டரில் சின்ன எழுத்து தெரியவில்லை. "அப்பா பிழைக்க வழியிருக்குல்லா?" என்று ஒருமுறை கேட்டார். வண்டியைக் கேட்கிறாரா அப்பாவைக் கேட்கிறாரா என்று யோசித்து, "இருக்கு பாய்" என்றேன்.

முப்பத்தோராவது வேலை, உட்புறத்தைச் சுத்தம் செய்வது. எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். இருபது வருஷக் கரிசல் தூசி ஆயிலோடு சேர்ந்து, ஆயில் டேங்கின் அடியிலும் எஞ்சின் உறையின் மூலைகளிலும் தார் மாதிரி ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கரண்டியால் சுரண்டி, பிறகு துடைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா நூற்பாலையில் வேலை பார்த்தாள். ஒரு சாக்கு நிறையக் கழிவுப் பஞ்சு கொண்டுவந்து கொடுத்தாள். கைப்பிடி கைப்பிடியாக எடுத்து மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்தேன். முதல் நாள் பஞ்சு கறுப்பாக வந்தது, இரண்டாம் நாள் பழுப்பாக. மூன்றாம் நாள் உள்ளே விட்ட பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வந்தது. டிக் போட்டுவிட்டுக் குறிப்பில் "மிகச் சுத்தம்" என்று எழுதினேன். மற்ற நாற்பத்திரண்டு வேலைகளுக்கும் குறிப்பு அளவுகளாகவும் எண்களாகவும்தான் இருக்கும். பாராட்டு எழுதியது அந்த ஒன்றுக்குத்தான்.

பத்தொன்பதாம் நாள் எஞ்சின் பிரேமில் ஏறியது. மறுநாள் காலை அப்பா காக்கிப் பேன்டோடு வந்தார். நாலாவது உதையில் வண்டி எடுத்தது. புகை இல்லை. சுத்தியல் சத்தம் இல்லை. நான் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். குழாயிலிருந்து ஆயில் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. டிக் போட்டேன். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் நின்றாள்.

"ஓடுதா?"

"கேக்கலியா ஒனக்கு?" என்றார் அப்பா.

"கேக்குது, கேக்குது. புதூர்க்காரனுக்கும் கேட்டிருக்கும்." அம்மா சிரித்ததை நான் பார்த்தேன். அதையும் எழுதி வைத்திருக்கலாம்.

மூன்று நாள் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டினார். மாசி பிறந்தது. வலது பெட்டியைத் திறந்து பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்தேன். வேட்டியைக் கடைசியாக, மேலாக வைத்தேன். முதல் நாள் நாலு ஊர் போய்விட்டு, பன்னிரண்டு பைகளிலும் மாதிரிப் பருத்தியோடு வந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நாகலாபுரம் பக்கம் போனார். அன்று திரும்பவில்லை. சீசனில் அப்படித் தங்கிவிடுவது வழக்கம் என்பதால் நாங்கள் கவலைப்படவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு பேக்டரி வாட்ச்மேன் சைக்கிளில் வந்து என்னைக் கூப்பிட்டார். "ஒங்க அப்பா லாரியில வந்திருக்காவ" என்று மட்டும் சொன்னார். நான் போனபோது பேக்டரி முற்றத்தில் பருத்தி லோடு லாரி நின்றிருந்தது. பெரிய பருத்தி மூட்டைகளான தாட்டுகளுக்கு மேல் வண்டியைப் படுக்கவைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் அப்பா வேட்டி கட்டியபடி உட்கார்ந்திருந்தார். தலையிலும் மீசையிலும் பஞ்சு. கீழே முதலாளி நின்றிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, பருத்தி ஏத்தி அனுப்புவீங்கன்னு பாத்தா வண்டிய ஏத்திக்கிட்டு வருதீங்க."

சுமை இறக்குகிறவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "லோடு வந்துட்டுல்லா மொதலாளி."

"வந்துட்டு. ஆனா இது நீங்க வாங்குன பருத்தி இல்லியே."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து லைன் ஏஜெண்டு வாங்கிய பருத்தி அது. முதலாளி கெட்டவர் இல்லை. வண்டியை இறக்க நாலு ஆட்களைக் கொடுத்தார். அப்பாவுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். பிறகு, "என்னாச்சு அண்ணாச்சி?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"என் தப்புதான். ஆயில் பாக்காம வெரட்டிட்டேன். வெயில்ல எங்கயும் நிறுத்தாம ஓட்டிட்டேன்" என்றார் அப்பா.

அம்மாவிடமும் அதையே சொன்னார். பாயிடமும் சொன்னார். அப்பா பத்து மைலுக்கு ஒருமுறை நிறுத்தி ஆயில் பார்க்கிறவர் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு நாட்களில் அவர் சொன்னதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

எஞ்சினை மறுபடி பிரித்தேன். இந்த முறை நோட்டைத் திறக்கவில்லை. வரிசை மனப்பாடமாகியிருந்தது. பிஸ்டனில் கீறல் இல்லை. சிலிண்டரும் நன்றாக இருந்தது. கனெக்டிங் ராடின் கீழ்ப்பக்கம், கிராங்கைப் பிடித்துச் சுற்றும் இடம், சூட்டில் நீலமாகியிருந்தது. பேரிங் நொறுங்கி அங்கேயே இறுகிப்போயிருந்தது. ஆயில் போய்ச் சேராமல்தான் அப்படி ஆகும். ஆனால் ஆயில் டேங்க் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

கிராங்கின் நடுவில், பென்சில் ஈயம் அளவில் ஓர் ஓட்டை உண்டு. அந்த பேரிங்குக்கு ஆயில் போகும் ஒரே வழி அதுதான். ஊக்கை விரித்து உள்ளே விட்டேன். ஏதோ சிக்கியது. இழுத்தேன். விளக்குத்திரி மாதிரி, முறுக்கேறி, சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்கு வந்தது. பஞ்சு.

தும்பு, அதாவது உதிரும் இழை, விடாத துணியால்தான் எஞ்சினின் உட்புறத்தைத் துடைக்க வேண்டும், பஞ்சு கூடவே கூடாது. இதை நான் இரண்டாம் வருஷப் பரீட்சையில் எழுதி, அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதே பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் வாசலில் ஆளுக்கு ஒரு கைப்பிடி கழிவுப் பஞ்சு கொடுத்துத்தான் உள்ளே அனுப்புவார்கள். எங்கள் ஊரில் அதைத் தப்பு என்று யாருக்கும் தோன்றாது. தலையணையில் பஞ்சு, ஜன்னல் இடுக்கில் பஞ்சு, ஷிப்ட் முடிந்து வரும் பெண்களின் தலைமுடியில் பஞ்சு. துடைக்க ஏதாவது எடு என்றால் கை தானாகப் பஞ்சுக்குப் போகும். நாற்பத்து மூன்று வேலைகளை எழுதிய நான், எதை வைத்துத் துடைப்பது என்று ஒரு வரி எழுதவில்லை. எழுத வேண்டிய ஒரு விஷயமாக அது என் கண்ணில் படவில்லை.

அந்தத் திரியை ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு, தாவணி முந்தியில் முடிந்துகொண்டேன். சமைக்கும்போதும் தண்ணீர் எடுக்கப் போகும்போதும் அது இடுப்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அப்பாவும் நானும் கிராங்கையும் ராடையும் எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனோம். பாய் லேத்தை நிறுத்திவிட்டு, ராடைக் கையில் வாங்கி, நீலமான இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது என் லேத்துல ஆகாது அண்ணாச்சி. பம்பாய்க்கு ஒரு கடிதாசி போட்டுப் பாக்குதேன். அங்கயும் இருக்காது."

"கிராங்க் பின்னக் கடைஞ்சு வெண்கலத்துல புஷ் போட்டா?" என்று கேட்டேன்.

"போடலாம் தாயி. வாசல்ல ஓடும். நாகலாபுரம் போகாது." ராடை மேஜையில் வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "ஒங்களுக்கா அண்ணாச்சி ஆயில் பாக்க மறந்துச்சு? நம்ப முடியலையே."

"வயசாகுதுல்லா பாய்."

"எனக்குந்தான் ஆகுது. நான் மிஷினுக்கு எண்ண விட மறக்கலையே. தலைக்குத்தான் வைக்க மறக்குதேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. முந்தியை அவிழ்த்துத் தீப்பெட்டியை எடுத்து, திறந்து, ராடின் பக்கத்தில் வைத்தேன்.

"ஆயில் இருந்துச்சு பாய். அப்பா பாத்துத்தான் ஓட்டிருக்காவ. இது கிராங்க் ஓட்டையில அடைச்சிருந்துச்சு. நான் தொடைச்ச பஞ்சு."

அப்பா திரியைக் கையில் எடுத்தார். பக்கத்தில் இருந்த மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் முக்கி, பிழிந்து, முறுக்கைப் பிரித்தார். பிறகு களத்தில் பருத்தி பார்க்கும்போது செய்வது போல, இரண்டு கைகளிலும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல இழுத்தார். இழுத்ததை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மறுபடி இழுத்தார். இழைகள் நேராகி வரிசையாக நின்றன. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம கரிசப் பருத்தி இல்ல. இழை நீளமா இருக்கு. மில்லுக்கு வெளியூர்லேர்ந்து வர்ற பஞ்சு."

"அண்ணாச்சி" என்றார் பாய், "பிள்ள என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா, இல்ல ரகம் பாக்குதீங்களா?"

"ரெண்டுந்தான்." அப்பா இழையை விடவில்லை. "நம்ம பருத்தின்னா இழை குட்டை. அறுந்து ஆயிலோட போயிருக்கும். இது ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு நின்னுட்டு."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அப்பா அதை எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை, யார் மேலும் குற்றமாகவும் சொல்லவில்லை. கையில் வந்த பஞ்சைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது சைக்கிளை நான் தள்ளினேன், கேரியரில் கிராங்க். ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றுகொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"நாகலாபுரத்துக்கு ரெண்டு மைலுக்கு முன்னால நிறுத்தி மூடியத் தெறந்து பாத்தேன். ஆயில்ல ரெண்டு மூணு தும்பு மெதந்துச்சு."

"பாத்துட்டுமா ஓட்டுனீங்க?"

"களத்துல பருத்தி கெடந்துச்சுட்டி. நல்ல பருத்தி. எனக்காகத்தான் போட்டு வச்சிருந்தாவ. ரெண்டு மைல் தாங்கும்னு நெனச்சேன்."

"பெறகு ஏன் ஒங்க தப்புன்னு எல்லார்ட்டயும் சொன்னிய?"

ரயில் வந்துகொண்டிருந்தது. "என் பிள்ள மிஷின் படிச்ச பிள்ளன்னு இருவத்திரண்டு ஊர்லயும் சொல்லி வச்சிருக்கேன்லா" என்றார். கூட்ஸ் வண்டி. நிறையப் பெட்டிகள். போய் முடிந்து கேட் திறந்ததும் நான் சைக்கிளைத் தள்ளினேன்.

அந்த சீசன் முழுவதும் அப்பா பஸ்ஸில் போய்ப் பார்த்தார். துணிப்பைகளையும் தராசையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நிற்பார். அவர் களத்துக்குப் போகும்போது பெரும்பாலும் தரையில் பருத்தி கிடந்த அடையாளம் மட்டும் இருக்கும். "சத்தம் கேக்கல, நீங்க வரலன்னு குடுத்துட்டோம்" என்பார்களாம். பங்குனி பாதியில் முதலாளி லைனை மாற்றினார். பக்கத்து லைன் ஏஜெண்டு இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். அவரிடம் புதிதாக ஒரு சின்ன வண்டி இருந்தது. சத்தமே வராது. அப்பாவை பேக்டரி எடைக் கொட்டகையில் நிற்க வைத்தார்கள். வருகிற தாட்டைத் தராசில் ஏற்றும்போது அளவைப் படித்துச் சொல்ல வேண்டும். பருத்தியைத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லாத வேலை.

எனக்கு ஒரு நூற்பாலையில் வேலை கிடைத்தது. மிஷின் பக்கம் அல்ல, உதிரிபாக ஸ்டோரில். எது எந்தத் தட்டில் இருக்கிறது என்று எழுதி வைப்பேன். அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்று சொல்கிறார்கள்.

பம்பாய்க்குப் போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில் வந்தது. ஒரு கார்டு. இல்லை என்று எழுதியிருந்தது. பாய் அதை அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். நானும் அப்பாவிடம் உடனே கொடுக்கவில்லை. நான்கைந்து நாள் கழித்து அவராகவே, "பம்பாய்லேர்ந்து இல்லன்னு வந்துட்டோ?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"சரி."

வண்டியை நான் விடவில்லை. ஓடாத வண்டிக்கும் பராமரிப்பு உண்டு. ஒரு தனிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். மாதம் ஒருமுறை டயரைக் கால் சுற்று சுற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடம் தட்டையாகிவிடும். சங்கிலிக்கு எண்ணெய். பெட்ரோல் டேங்கைக் காலியாகவும் உலர்வாகவும் வைக்க வேண்டும். பிளக் ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில். ராடும் கிராங்கும் எஞ்சினுக்குள் இல்லை, அவை சாக்கில் சுற்றி அலமாரியின் மேல் இருந்தன. ஆனாலும் ஆயில் விட்டேன். ஐப்பசியில் முன் மட்கார்டைக் கழற்றி, தையில் மாட்டினேன். அம்மா ஒருமுறை கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, "செத்ததுக்குச் சோறு ஊட்டுதியாட்டி?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

மறுபடி மாசி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நான் டயரைச் சுற்றி வைத்துவிட்டு ஆயில் டேங்கைக் கழற்றிக் கீழே வைத்திருந்தேன். உள்ளே துரு பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்பா எடைக் கொட்டகைக் காக்கிப் பேன்டோடு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமையும் அதையே போட்டிருந்தார். கையில் வெள்ளையாக ஏதோ அடுக்கி வைத்திருந்தார்.

"தொடைக்க எத வச்சிருக்க?"

"இன்னும் ஒண்ணும் எடுக்கலப்பா."

அடுக்கை என் மடியில் வைத்தார். வெள்ளைத் துணித் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு சாண். ஓரங்களைக் கத்தரியால் நேராக வெட்டி, தும்பு வராமல் அம்மாவின் ஊசியால் மடித்துத் தைத்திருந்தார். அவருடைய தையல் என்று பார்த்ததும் தெரிந்தது. சாக்கு தைக்கிற தையல். மேலே இருந்த துண்டில் கரையின் ஒரு பகுதி இருந்தது. கரும்பச்சைக் கரை.

"இது லைனுக்குக் கட்டுற வேட்டில்லா?"

"எடைக் கொட்டகையில நிக்குறவனுக்கு வேட்டி எதுக்கு?" என்றார். "நல்ல நூலு. சலவைக்குப் போயிப் போயி இனிமே உதிர ஒண்ணுமில்ல. தொடச்சுப் பாரு."

அவர் போகவில்லை. வண்டியின் வலது பெட்டியைத் திறந்து, மூடியில் ஒட்டியிருந்த என் பட்டியலைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். ஏழாம் வகுப்புக் கையெழுத்து, பாதி அழிந்திருந்தது. படித்துவிட்டு மூடியை மெதுவாகச் சாத்தினார்.

நான் ஒரு துண்டை எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்து, ஆயில் டேங்கின் உள்ளே விட்டுச் சுற்றித் துடைத்தேன். இன்னொரு துண்டால் ஈரத்தை எடுத்தேன். டேங்கைத் தூக்கி, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். அப்பாவும் குனிந்து பார்த்தார்.

ஒரு தும்புகூட இல்லை.